குடியிருப்போர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, புளியந்தீவு, மட்டக்களப்பு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம். கடந்த பொதுக்கூட்டத் தீர்மானத்தின்படி, எமது ஒழுங்கைகளின் தோற்றம் மாறிவருவது பற்றியே செயற்குழு இவ்வாண்டு கூடுதலாகக் கலந்துரையாடியது. வடிகால் துப்புரவும் வீதிவிளக்கு வேலைகளும் வழமைபோல் நடந்தன; கணக்கறிக்கையைப் பொருளாளர் சமர்ப்பிப்பார்.

பழைய வீடுகள் இடிபடுவதற்கு உரிமையாளரின் இரசனைக் குறைவே காரணம் என்று ஒரு கூட்டத்தில் கூறப்பட்டதைச் செயற்குழு ஏற்கவில்லை. 1978 நவம்பர் 23 இல் வீசிய சூறாவளி கூரைகளைப் பிய்த்தெறிந்ததைக் கண்டவர்கள் கொங்கிறீற் தட்டை நாடியதில் வியப்பில்லை. அதனினும் ஆழமான காரணம் எமது வழமையிலேயே உள்ளது. பெண்பிள்ளைக்கு வீடும் வளவும் கொடுத்து மணமுடித்து வைக்கும் இப்பிரதேசத்தில், பெண்மக்கள் மூவர் உள்ள குடும்பத்தின் வளவு மூன்றாகப் பிரிந்து, கிணறு ஒருத்தியின் பங்கிலும் மாமரம் இன்னொருத்தியின் பங்கிலும் போய்விட, விறாந்தைக்கு இடமில்லாமல் வீடு மேல்நோக்கி எழுகிறது. சீதனத்தைக் கொடுத்தும் வாங்கியும் வந்த நாம் இதைக் குறைகூற முடியாது.

ஆயினும் எல்லா மாற்றமும் தேவையால் வந்தவை அல்ல. இடுப்பளவு மதிலும் படலையும் இருந்த இடங்களில் ஆளுயரத்தை மிஞ்சிய மதிலும் தகரக் கேற்றும் வந்தபின், ஒழுங்கையில் நடப்பவர் இருபுறமும் சுவரையே காண்கிறார். கண்ணாடியும் அலுமினியத் தகடும் போர்த்திய கடை முகப்புகள் கச்சான் என்னும் வெப்பக் காற்று வீசும் மாதங்களில் வெயிலை வீதியில் நிற்பவர் மீது திருப்பிவிடுகின்றன. உள்ளே இருப்பவருக்கும் ஏசி இன்றி முடிவதில்லை. முற்றம் முழுவதும் இன்டர்லொக் கல் பதித்த வளவுகளின் தண்ணீர் மார்கழி மழையில் ஒழுங்கைக்கே வந்து சேர்கிறது. வீட்டுக்கும் வீதிக்கும் நடுவே இருந்த நிழலே இப்பகுதிக்கு அழகு தந்தது என்பது செயற்குழுவின் கருத்து.

1940 ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் பெரும்பாலும் 1815 மார்ச் 2 இற்கு முற்பட்டவற்றையே கருத்திற்கொள்வதால், 1628 இல் போர்த்துக்கேயர் கட்டி 1638 இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய மட்டக்களப்புக் கோட்டைக்கு உள்ள பாதுகாப்பு அதன் பின் எழுந்த ஓட்டு வீடுகளுக்குத் தானாகக் கிடைப்பதில்லை. புழக்கத்தில் வைத்திருப்பதே அவற்றைக் காக்கும் வழி. 2013 இல் புதிய கல்லடிப் பாலம் திறக்கப்பட்ட பின்னரும், பிரித்தானிய ஆளுநர் மன்னிங்கின் துணைவியார் பெயரைத் தாங்கிய பழைய இரும்புப் பாலம் அதனருகே நடப்போருக்குப் பயன்படுவதை அங்கத்தவர்கள் எடுத்துக்காட்டினர்.

எல்லா வீடுகளுக்கும் ஒரே நிறம் பூசலாம் என்ற பிரேரணை நிராகரிக்கப்பட்டது. கிளிப்பச்சையும் ஊதாவும் எமக்குச் சற்று உறுத்தினாலும், அது வீட்டுக்காரரின் விருப்பம்.

எதிர்வரும் ஆண்டில், மாநகர சபைக்குக் கட்டட விண்ணப்பம் கொடுக்கும் அங்கத்தவர்கள் முன்மதிலின் உயரம், முற்றத்தில் மண்ணாக விடப்படும் பகுதி, நிற்கும் வேம்பு, பூவரசு ஆகியவை பற்றிச் சங்கத்துடன் முன்கூட்டியே கலந்துபேச வேண்டும் என்ற பிரேரணையை இப்பொதுக்கூட்டத்தின் அங்கீகாரத்துக்குச் சமர்ப்பிக்கிறேன். இது எவரையும் கட்டுப்படுத்தும் விதி அல்ல.

செயலாளர்