நமது கடைத்தெரு வணிகர் சங்கம், கும்பகோணம்: 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, ஞாயிற்றுக்கிழமை மாலை வியாபாரத்தை விட்டுவிட்டு வந்திருக்கும் உறுப்பினர் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான ஆண்டறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வழக்கமான விஷயங்களை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். தீபாவளி மாதம் நீங்கலாகச் செயற்குழு மாதந்தோறும் கூடியது. மறைந்த மூத்த உறுப்பினர்களுக்கு அந்தந்த மாதக் கூட்டத்தில் அஞ்சலி செலுத்தினோம். மாசி மகத்துக்கு வழக்கம்போல் நீர்மோர்ப் பந்தல் வைத்தோம். அண்டாக்களைக் கொடுத்து உதவிய பாத்திரக்கடை உறுப்பினர்களுக்கு நன்றி. தெருமுனைக் கேமராக்கள் இரண்டும் இப்போது வேலை செய்கின்றன. சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் பட்டியலைச் சபையில் படிக்க வேண்டாம் என்று தலைவர் சொல்லிவிட்டார். அதனால் படிக்கவில்லை, பொருளாளரிடம் இருக்கிறது.

இனி, இந்த ஆண்டில் செயற்குழுவின் நேரத்தைப் பெரும்பாலும் எடுத்துக்கொண்ட விஷயம். கடைகளுக்கு இணையதளம் போடுவதும், அதற்கு வெளியாள் ஒருவரை அமர்த்துவதும்.

கூகுள் மேப்பில் கடையைப் பதிந்தபோது கூடவே ஓர் ஒற்றைப் பக்க இணையதளம் இலவசமாகக் கிடைத்தது. நம்மில் பலர் அதை வைத்தே காலம் தள்ளிக்கொண்டிருந்தோம். விசிட்டிங் கார்டு, பில் புக், துணிப்பை எல்லாவற்றிலும் அந்த முகவரிதான். 2024 மார்ச்சில் கூகுள் அந்த வசதியை நிறுத்தியது. ஜூன் 10 வரை பழைய முகவரியைத் தட்டினால் மேப்பில் உள்ள கடைப் பக்கத்துக்குக் கொண்டுபோய் விட்டது. அப்புறம் அதுவும் இல்லை. மேப்பில் கடை பத்திரமாக இருக்கிறது, பையில் அச்சடித்த முகவரிதான் செல்லாக்காசாகிவிட்டது. இலவசமாகக் கொடுத்ததை நிறுத்த அவர்களுக்கு உரிமை உண்டு. நமக்குத்தான் அந்த நினைப்பு வரவில்லை.

உடனே ஆளாளுக்கு ஒரு டிசைனரைப் பிடித்தார்கள். ஒருவர் மச்சான் மகனை, ஒருவர் இன்ஸ்டாகிராமில் விளம்பரம் பார்த்து, ஒருவர் சென்னையில் ஓர் ஏஜென்சியை. ஏறக்குறைய ஒரே அளவு வேலைக்கு 8,000 ரூபாயிலிருந்து 75,000 ரூபாய் வரை கொட்டேஷன் வந்தது. சங்கமே பொதுவாக ஒரு தளம் போட்டால் என்ன என்று ஜூலைக் கூட்டத்தில் பேசினோம். யார் கடை பெயர் மேலே வருவது என்ற கேள்வியிலேயே அந்த யோசனை நின்றுவிட்டது. அவரவர் தளம் அவரவருக்கு, அமர்த்தும் முறையை மட்டும் சங்கம் வகுத்துக்கொடுக்கலாம் என்று முடிவாகி, நால்வர் கொண்ட துணைக்குழு அமைக்கப்பட்டது.

தனியாக வேலை செய்பவரா, ஏஜென்சியா என்ற கேள்விக்குத் துணைக்குழு தனியாளையே பரிந்துரைத்தது. நம் அளவுக் கடைக்குப் பத்துப் பக்கத் தளம் போதும். அதற்கு ஒரு நல்ல ஆள் போதும். அவர் முன்பு செய்த தளங்களை அவருடைய லேப்டாப்பில் பார்க்காதீர்கள். உங்கள் செல்போனில், கடையில் வரும் சிக்னலில் திறந்து பாருங்கள். உங்கள் வாடிக்கையாளர் அப்படித்தான் பார்க்கப்போகிறார். அந்தத் தளங்களின் சொந்தக்காரர்கள் இரண்டு பேருக்குப் போன் போட்டு, வேலை முடிந்த பிறகும் இவர் போனை எடுக்கிறாரா என்று கேளுங்கள். வேலைத்திறமையை விட இந்தப் பதில் முக்கியம் என்பது என் அபிப்பிராயம்.

நமது விளக்குக்கடை உறுப்பினருக்கு நேர்ந்ததை அவர் அனுமதியோடு சொல்கிறேன். நாச்சியார்கோயில் குத்துவிளக்கு விற்கும் கடைக்குக் கார்த்திகை மாதம்தான் மாதம். திருக்கார்த்திகைக்குச் சில வாரங்கள் இருக்கும்போது தளம் திறக்கவில்லை. டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயர், காலாவதியாகியிருந்தது. புதுப்பிக்கலாம் என்று பார்த்தால், டொமைன் டிசைனரின் பெயரில், டிசைனரின் மெயிலில், டிசைனரின் கணக்கில் பதிவாகியிருக்கிறது. எச்சரிக்கை மெயில்கள் எல்லாம் அவர் திறக்காத ஒரு பழைய மெயிலுக்குப் போயிருக்கின்றன. அவர் வெளிநாட்டு வேலைக்குப் போய் வருஷமாகிவிட்டது. நம்மவர் ஆண்டுதோறும் பணம் கட்டி வந்திருக்கிறார், ஜிபேயில் அத்தாட்சி இருக்கிறது. ஆனால் பதிவுக் கணக்கில் யார் பெயர் இருக்கிறதோ அவரைத்தான் பதிவு நிறுவனம் சொந்தக்காரராகப் பார்க்கும். நல்லவேளையாக, காலாவதிக்குப் பிறகும் பழைய சொந்தக்காரரே புதுப்பித்துக்கொள்ளத் தரும் அவகாசம் தாண்டவில்லை. டிசைனரின் அப்பா உள்ளூர்தான்; அவர் மூலம் பையனைப் பிடித்து, ராத்திரி ஓடிபி வாங்கி, ஒருவழியாகப் பெயர் மாற்றினார்கள். அந்தப் பையன் ஏமாற்றுக்காரன் இல்லை. அவசரத்துக்குத் தன் கணக்கில் போட்டவன், அப்படியே விட்டுவிட்டான். அவகாசம் தாண்டியிருந்தால் அந்தப் பெயரை எவர் வேண்டுமானாலும் வாங்கியிருக்கலாம்.

ஆகவே டொமைனையும், தளத்தின் கோப்புகளை வைக்க வாடகைக்கு எடுக்கும் ஹோஸ்டிங்கையும் கடைக்காரரே தன் மெயிலில், தன் செல் நம்பரில், தன் கார்டில் வாங்க வேண்டும். டிசைனர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கட்டும். ஹோஸ்டிங்கில் முதல் ஆண்டு சலுகை விலையைப் பார்த்து மயங்க வேண்டாம். புதுப்பிக்கும்போது பல மடங்கு கேட்பார்கள், அந்த விலையைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். தளத்துக்கும் பார்ப்பவருக்கும் நடுவே போகும் தகவலைப் பூட்டும் எஸ்எஸ்எல் சான்றிதழுக்கு ஆண்டுக்கு 3,000 ரூபாய் என்று ஒருவர் பில் போட்டிருந்தார். நம் மாதிரித் தளங்களுக்கு லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பின் சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது, பெரும்பாலான ஹோஸ்டிங் நிறுவனங்கள் தாங்களே அதைப் போட்டும் தருகின்றன. அது இல்லாத தளத்தைக் குரோம் 2018லிருந்து ‘பாதுகாப்பற்றது’ என்று காட்டுகிறது. வேண்டும்தான், ஆனால் அதற்கு இந்த விலை வேண்டாம்.

அடுத்தது, பணம் கொடுத்து வாங்கிய டிசைன் நம்முடையதுதானா என்ற கேள்வி. நமக்காக ஒப்பந்தம் எழுதிக்கொடுத்த வழக்கறிஞர் சொன்னதைக் கேட்டு நாங்கள் அசந்துபோனோம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, சம்பளத்துக்கு வேலை செய்பவர் செய்ததுதான் முதலாளிக்குப் போகும். வெளியாள் செய்து கொடுத்த டிசைனும் புரோகிராம் கோடும் எழுத்தும் அவருக்கே சொந்தம், நாம் முழுப் பணம் கொடுத்திருந்தாலும். காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படம் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு, அவை எடுக்கச் சொன்னவருக்கு. மற்றதெல்லாம் நமக்கு வரவேண்டுமானால் 19ஆம் பிரிவுப்படி எழுத்தில், கையெழுத்தோடு எழுதி வாங்க வேண்டும். அதிலும் எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். எந்த எல்லைக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் விளக்கு அனுப்பும் கடைக்கு இது சும்மா விடுகிற வாசகம் இல்லை. வழக்கறிஞர் எழுதிக்கொடுத்த ஒருபக்க ஒப்பந்தத்தில் இந்த இரண்டும் சேர்க்கப்பட்டுள்ளன. தமிழில்தான் இருக்கிறது. அலுவலகத்தில் பிரதி கிடைக்கும்.

பணத்தை மூன்று தவணையாகக் கொடுப்பது என்று அதில் எழுதியிருக்கிறோம்: தொடங்கும்போது 30 சதவீதம், மாதிரி பார்த்து ஒப்புக்கொண்டதும் 40, எல்லா லாகினும் கைக்கு வந்து நாமே மாற்றிப் பார்த்த பிறகு 30. ‘முழு அட்வான்ஸ் கொடுத்தால் சீக்கிரம் முடியும்’ என்று சொன்னவரை நம்பியவர்கள் இந்தச் சபையில் இருக்கிறார்கள்.

ஒருதலையாகப் பேசக் கூடாது என்பதற்காக, செப்டம்பர் கூட்டத்துக்கு ஊரில் இந்த வேலை செய்யும் தம்பி ஒருவரை அழைத்துப் பேசச் சொன்னோம். அவர் மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. “அண்ணாச்சி, தளம் லேட் ஆகிறது என்று எல்லாரும் என்னைத் திட்டுகிறீர்கள். போட்டோ கேட்டு வாட்ஸ்அப்பில் நான் போட்ட மெசேஜ் நீல டிக்கோடு நிற்கிறது” என்றார். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கிவிடும். அதைப் பெரிதாக்கினால் பட்டுச் சரிகை பித்தளைக் கம்பி மாதிரி தெரியும், டாக்குமென்டாக அனுப்புங்கள் என்று செய்தே காட்டினார். பட்டுக்கடை ஒன்றில் முதலாளி சிவப்பு கேட்டாராம், சென்னை மாப்பிள்ளை பச்சை கேட்டாராம், கடைசியில் சிங்கப்பூர்த் தம்பி வீடியோ காலில் வந்து எல்லாவற்றையும் வெள்ளையாக்கச் சொன்னாராம். சபை சிரித்தது. அந்த உறுப்பினரும்தான். கடை சார்பில் ஒருவர் மட்டுமே திருத்தம் சொல்வது, இரண்டு சுற்றுத் திருத்தத்துக்கு மேல் தனிக் கட்டணம் என்ற ஷரத்துகள் அன்றைக்குச் சேர்ந்தவை.

எழுத்துரு விஷயத்தையும் அவர்தான் விளக்கினார். நமது காபித்தூள் கடை உறுப்பினர் பழைய நோட்டீஸின் கோப்பை அச்சகத்திலிருந்து வாங்கிக் கொடுத்திருந்தார். தளத்தில் ஒட்டியதும் அத்தனையும் ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்தது. அச்சகத்தில் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. இணையத்துக்கு, எல்லாக் கருவியிலும் ஒரே மாதிரி தெரியும் பொது எழுத்துக் குறியீடான யூனிகோடு வேண்டும். தமிழ்நாடு அரசே 2010ல் யூனிகோடை ஏற்று ஆணை போட்டாயிற்று, நம் அச்சகங்களுக்கு இன்னும் அது வந்து சேரவில்லை. மாற்றித் தரும் மென்பொருள் இலவசமாகவே இருக்கிறது. மாற்றியபின் ஒருமுறை வாசித்துப் பாருங்கள், ஒற்றெழுத்துகள் சில இடம் மாறியிருக்கும்.

ஆன்லைனில் பணம் வாங்கும் வசதி எல்லாக் கடைக்கும் வேண்டுமா என்பதில் துணைக்குழுவுக்குள்ளேயே இரண்டு கருத்து. என் கருத்து, வேண்டாம். விளக்குக்கடையை எடுத்துக்கொள்ளுங்கள். விளக்கு எடைக்கு விற்பது, பித்தளை விலை மாறிக்கொண்டே இருக்கும். தளத்தில் விலை போட்டால் தினம் திருத்த ஆள் வேண்டும். அவர் உயரத்தையும் எடையையும் போட்டு, படத்துக்குக் கீழே ‘இன்றைய விலை கேட்க’ என்று வாட்ஸ்அப் பொத்தான் மட்டும் வைத்திருக்கிறார். அதோடு, விளக்கு அடிப்பாகம், தண்டு, தட்டு, உச்சி அன்னம் என்று மரை கழற்றித்தான் கூரியரில் போகும் என்பதால், திரும்பப் பூட்டுவதை அவர் மகள் ஒரு நிமிஷ வீடியோவாக எடுத்துப் போட்டிருக்கிறார். அந்த வீடியோவைப் பார்த்துத்தான் வெளியூர் ஆர்டர் வருகிறது என்கிறார்.

காபித்தூள் கடைக்குக் கதை வேறு. நெடுஞ்சாலை நெடுக ‘கும்பகோணம் டிகிரி காபி’ போர்டு தொங்குகிறது, ஊருக்குள் தூள் அரைத்து விற்கும் நம்மவருக்கு ஒரு முகவரி இல்லை என்று அவருக்கு நெடுநாள் ஆதங்கம். கால் கிலோ, அரைக் கிலோ என்று விலை நிலையானது, ஆகவே அவர் தளத்தில் பணம் கட்டும் வசதி பொருந்துகிறது. ஆன்லைனில் வரும் பணத்தை வாங்கிக் கடைக் கணக்கில் சேர்க்கும் பேமெண்ட் கேட்வே நிறுவனம், தொடர்பு முகவரி, பணம் திருப்பித் தரும் விதி, அனுப்பும் விதி, தனியுரிமை விதி எல்லாவற்றுக்கும் பக்கம் இருந்தால்தான் அனுமதிக்கிறது. டிசைனர் அவற்றை வேறொரு தளத்திலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியதில், காபித்தூளுக்கு ‘அளவு சரியில்லை என்றால் மாற்றித் தரப்படும்’ என்று இருந்தது. துணிக்கடை விதி. படித்துப் பார்த்துத் திருத்தினோம். பாக்கெட்டில் போடும் நிகர எடை, எம்ஆர்பி, தயாரிப்பாளர் பெயர் முகவரி ஆகியவை எடை, அளவு பற்றிய சட்ட அளவையியல் விதிப்படி தளத்திலும் வரவேண்டும். சிக்கரி எத்தனை சதவீதம் என்பதையும், 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணைய) எண்ணையும் போட்டுவிட்டோம்.

வெளிமாநிலத்துக்கு அனுப்ப நினைப்பவர்கள் தளம் போடும் முன் ஆடிட்டரைப் பாருங்கள். பொருள் விற்பவர்களுக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை என்பது மாநிலத்துக்குள் விற்றால்தான். வரி உள்ள பொருள் பெங்களூருக்கு ஒரு பார்சல் போனாலும் பதிவு கட்டாயம். கைவினைப் பொருள்கள் சிலவற்றுக்கு மட்டும் சலுகை உண்டு. காம்போசிஷனில், அதாவது விற்பனையில் சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் ஜிஎஸ்டி திட்டத்தில் இருப்பவர்கள் வெளிமாநிலத்துக்கு விற்கவே முடியாது. இதை எந்த டிசைனரும் சொல்லமாட்டார். சொல்வது அவர் வேலையும் இல்லை.

விசாரணைப் படிவத்தை நீங்களே ஒருமுறை நிரப்பி அனுப்பி, அது உங்களுக்கு வருகிறதா என்று பாருங்கள். பூஜைப் பொருள் கடை உறுப்பினருக்கு நவராத்திரி சமயத்தில் வந்த விசாரணைகள் எல்லாம் டிசைனர் சோதனைக்குப் போட்ட மெயிலில் கிடந்தன. ‘கூகுளில் முதல் பக்கம் நிச்சயம்’ என்று போன் செய்பவர்களுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். அப்படி யாரும் நிச்சயம் தர முடியாது என்று கூகுளே சொல்கிறது.

கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இந்த வகையில் சங்கத்துக்கு ஆன செலவு வழக்கறிஞர் கட்டணமும் ஜெராக்ஸும்தான்.

அடுத்த ஆண்டுக்குச் செயற்குழு வைக்கும் தீர்மானங்கள் இரண்டு. ஒன்று, உறுப்பினர்களின் டொமைன் புதுப்பிக்கும் தேதிகளைச் சங்கப் பலகையில், தொழில் உரிமம் புதுப்பிக்கும் தேதிக்குப் பக்கத்தில் எழுதி வைப்பது. தேதியை மட்டும் கொடுங்கள். பாஸ்வேர்டை எங்களிடம் கொடுக்காதீர்கள், கேட்டாலும் கொடுக்காதீர்கள். இரண்டு, 2028 மகாமகத்துக்கு ஊருக்கு வரப்போகும் கூட்டத்தை மனதில் வைத்து, விருப்பமுள்ள கடைகள் அனைத்தும் 2026க்குள் தளத்தை முடித்துக்கொள்ளத் துணைக்குழுவின் காலத்தை நீட்டிப்பது. துணைக்குழுவில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. இளையவர் யாராவது முன்வந்தால் நல்லது. கடைப் பொறுப்பில் இருக்கும் பெண்கள் வந்தால் இன்னும் நல்லது.

தீர்மானங்களை முன்மொழியவும் வழிமொழியவும் உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அதன்பின் பொருளாளர் வரவு செலவை வாசிப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்