மணி பிளான்ட் பாட்டிலில் கொசுப்புழு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் கொசுப்புழு தேடி வீடு வீடாக வரும் பணியாளர்கள் ஆட்டுரல், டயர், சிரட்டை, ஃப்ரிட்ஜின் பின்தட்டு எல்லாம் பார்ப்பார்கள். வரவேற்பறை ஜன்னலில் இருக்கும் மணி பிளான்ட் பாட்டிலையும் அவசியம் பார்க்க வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைவிடத் தெளிந்த தண்ணீரைத்தான் விரும்பும். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாட்டிலின் உட்சுவரில் முட்டையை ஒட்டிவிடும். அந்த முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாமல் கிடந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும். பலர் பழைய தண்ணீரைக் கொட்டிப் புதுத் தண்ணீர் ஊற்றுவதோடு நிறுத்திவிடுகிறார்கள். அது போதாது. முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள் ஆகும் என்பதால், வாரம் ஒரு முறை உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். வாய் குறுகிய பாட்டில் என்றால் ஒரு பிடி மணலும் கொஞ்சம் தண்ணீரும் போட்டு நன்றாகக் குலுக்கிக் கொட்டலாம். வேரையும் குழாயடியில் அலசி, கொடியைச் சுற்றிப் பாட்டில் வாயைப் பஞ்சால் அடைத்துவிட வேண்டும்.

வாரம் தவறாமல் இதைச் செய்ய முடியாதவர்கள் கொடியை மண்ணுக்கு மாற்றிவிடுவதே நல்லது. வெறும் தண்ணீரில் சத்து கிடையாது; அதனால்தான் பாட்டில் கொடியில் இலை சிறுத்துக்கொண்டே போகிறது. ஆனால் நாள்பட்ட தண்ணீர் வேரை அப்படியே மண்ணில் புதைத்தால் அழுகிவிடக்கூடும். புதிதாகத் துண்டு எடுக்க வேண்டும். கணுவுக்கு ஒரு விரற்கடை கீழே, துண்டுக்கு 2 அல்லது 3 கணு இருக்கும்படி சுத்தமான கத்தியால் வெட்டுங்கள். கணு இல்லாத இலைக்காம்பை எத்தனை நாள் வைத்திருந்தாலும் கொடி வராது. திருடி வைத்தால்தான் இந்தச் செடி தழைக்கும் என்ற பேச்சு நம் ஊரில் உண்டு. கணு சரியாக இருந்தால் கேட்டு வாங்கிய துண்டும் அதே போலத் தழைக்கும்.

6 அங்குலத் தொட்டிக்கு 4 துண்டு போதும். செம்மண் 2 பங்கு, நார்க்கழிவு 1 பங்கு, மட்கிய தொழு உரம் 1 பங்கு, மணல் 1 பங்கு கலந்துகொள்ளுங்கள். எம்-சாண்ட் என்றால் மாவு போன்ற தூசியைச் சலித்து நீக்க வேண்டும். இல்லாவிட்டால் மண் இறுகித் தண்ணீர் இறங்காது. நார்க்கழிவில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழியுங்கள். கரிசல் மண் தொட்டிக்கு வேண்டாம். கீழ்க்கணு மண்ணுக்குள் இருக்க நட்டு, இரண்டு வாரம் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் வேர் பிடித்துவிடும். அதற்குப் பிறகு விரலை ஓர் அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள்.

இந்தச் செடி வாடிச் சாவதைவிட அழுகிச் சாவதே அதிகம். மண் ஈரமாக இருக்கும்போதே நாலைந்து இலை ஒன்றாக மஞ்சளித்தால் வேர் அழுகுகிறது என்று பொருள். கறுத்த வேரையும் தண்டையும் வெட்டி எறிந்துவிட்டு, பச்சையாக உள்ள கணுவைப் புது மண்ணில் வையுங்கள். அடியில் ஒரே ஒரு கிழட்டு இலை பழுத்தால் கவலை வேண்டாம்.

இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். வீணாக்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் ஆர்.ஓ. கருவியின் கழிவுநீரைத் தொட்டிச் செடிக்கு ஊற்றுகிறார்கள். போர் தண்ணீரில் உள்ள உப்பு அதில் இன்னும் செறிந்து இருக்கும். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூப்பதும், இலை நுனி கருகுவதும் அதனால்தான். அந்தத் தண்ணீர் வாசல் கழுவ ஆகட்டும். செடிக்குத் தாமிரபரணிக் குழாய்த் தண்ணீரோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ கொடுங்கள்.

கிழக்கு ஜன்னல் வெளிச்சம் இதற்குப் போதும். மேற்கு வெயில் பட்டால் இலை வெந்துவிடும். ஆனி, ஆடி மேல்காற்றில் பால்கனித் தொட்டி ஒரே நாளில் உலர்ந்துபோகும். இருட்டில் வைத்தால் இலையின் மஞ்சள் கோடு மறைந்து, கணுவுக்குக் கணு இடைவெளி நீளும். இது சேம்பு, சேனை குடும்பத்துச் செடி. கடித்தால் வாயும் நாக்கும் அரித்து வீங்கும் என்பதால் குழந்தைக்கும் பூனைக்கும் எட்டாமல் வையுங்கள். வெட்டிய கொடியை வாய்க்கால் கரையில் வீசவும் கூடாது. பசிபிக் தீவிலிருந்து வந்த இது, ஈரம் கண்ட இடத்தில் மரமேறிப் படரும். இலங்கையில் ஆக்கிரமிப்புச் செடியாகவே ஆகிவிட்டது.

தொட்டிக்கு மாற்றினாலும் அடித்தட்டில் வடியும் தண்ணீரை அன்றன்றே கொட்டிவிட வேண்டும். அதிலும் ஏடிஸ் முட்டையிடும். வீடு தேடி வரும் பணியாளர்கள் பாட்டிலைக் கவிழ்ப்பதோடு, கணு பார்த்து வெட்டி மண்ணில் நடும் முறையையும் சொல்லிக் கொடுக்கும்படி உள்ளாட்சி நிர்வாகங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வீட்டுச் செடி வளர்ப்போர் சிலர்,
பாளையங்கோட்டை.