47 குக்கீக்கு 1,299 ரூபாய்

அனுப்புநர்: தங்கள் வாடிக்கையாளர், காட்பாடி, வேலூர் மாவட்டம்.

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: ஆன்டிவைரஸுடன் சொல்லாமல் நுழைந்த எக்ஸ்டென்ஷன் (பிரவுசரில் ஒட்டிக்கொள்ளும் துணை நிரல்) குறித்தும், பணத்தைத் திருப்பித் தரக் கோரியும்.

ஐயா / அம்மா,

போன மாதம் வேலூர் கடையொன்றில் 1,299 ரூபாய் கொடுத்து உங்கள் ஆன்டிவைரஸை வாங்கினேன். என் பென்ஷன் கணக்கு, கரண்ட் பில், பேரனின் ஸ்கூல் ப்ராஜெக்ட் எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில்தான்.

மறுநாளே திரையின் வலது மூலையில் சிவப்புப் பெட்டி. "47 அச்சுறுத்தல்கள்! சரிசெய்ய பிரீமியத்துக்கு மாறுங்கள்." காசு கொடுத்து வாங்கியவனிடமே மறுபடி காசு! பேரன் 'விவரம்' என்பதை அமுக்கினான். நாற்பத்தேழும் குக்கீகள். இணையதளங்கள் பிரவுசரில் விட்டுப்போகும் குறிப்புகள். நம்மைப் பின்தொடர உதவும், சரி. வைரஸ் எப்படி ஆகும்? குரோம் செட்டிங்ஸுக்குப் போய் இலவசமாகவே அழித்தோம்.

வயிறு எரிந்தது அதற்குப் பிறகுதான். குரோமைத் திறந்தால் உங்கள் பெயர் போட்ட தேடல் பக்கம் வருகிறது. இலவம்பாடி முள்ளுக் கத்தரி விதை தேடினேன், முதல் ஐந்தும் விளம்பரம். 'பாதுகாப்பான தேடல்' என்றொரு எக்ஸ்டென்ஷன் உட்கார்ந்திருந்தது. எல்லா இணையதளங்களிலும் என் தரவு முழுவதையும் படிக்க, மாற்ற அதற்கு அனுமதியாம். பேங்க் பக்கமும் அதில் சேர்த்திதானே? இன்ஸ்டால் செய்யும்போது கடைசித் திரையில் பொடி எழுத்தில், ஏற்கெனவே டிக் போட்டு வைத்திருக்கிறீர்கள். கண்ணாடி போட்டும் என் கண்ணில் படவில்லை.

ஆன்டிவைரஸை நீக்கினேன். எக்ஸ்டென்ஷன் அசையவில்லை, அதைத் தனியாகப் பிடுங்க வேண்டியிருந்தது. விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் அதன்பின் தானாக வேலைக்குத் திரும்பியது. உங்கள் மென்பொருள் வந்ததால் ஒதுங்கி நின்றதாம். இதைப் பற்றிக் கடைக்காரர் மூச்சு விடவில்லை. ஃபுல் ஸ்கேன் ஓட்டினோம், ஒன்றும் அகப்படவில்லை.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் வெளியிட்ட டார்க் பேட்டர்ன் (வாடிக்கையாளரை ஏமாற்றும் திரை உத்திகள்) வழிகாட்டுதல்களில் 13 வகை உண்டு. வைரஸ் இருப்பதாக நம்பவைத்துப் பணம் கறப்பதும் அதில் ஒன்று. படித்துப் பாருங்கள்.

1,299 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். தானியங்கிப் புதுப்பித்தலை நிறுத்துங்கள். அந்த எக்ஸ்டென்ஷன் என்னைப் பற்றி எதைச் சேகரித்தது, யாருக்குக் கொடுத்தது என்று எழுத்தில் தெரிவித்துவிட்டு அழியுங்கள். 15 நாளில் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவேன். பிறகு வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம்.

பில் நகலும் சிவப்புப் பெட்டியின் ஸ்கிரீன்ஷாட்டும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்