நடுகல் மைப்படிக் கண்காட்சிக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

கிருஷ்ணகிரியில் வைத்த நடுகல் மைப்படிக் கண்காட்சி நல்லபடியாக முடிந்தது. சண்டையில் இறந்த வீரனுக்கு நட்ட நினைவுக்கல்தான் நடுகல்; அதன்மேல் ஈரத்தாளை ஒட்டி, மை ஒற்றி எடுக்கும் எழுத்தின் நகல்தான் மைப்படி. ஓசூரிலும் பெங்களூரிலும் வேலை பார்த்துக்கொண்டு, வார இறுதியில் கிளம்பி வருகிற நண்பர்கள் நாங்கள். எங்களை மட்டும் நம்பியிருந்தால் ஒரு தாள்கூடச் சுவரேறியிருக்காது. வெறுமனே நன்றி என்று எழுதிவிட்டுப் போனால் யார் என்ன செய்தார்கள் என்பது யாருக்கும் தெரியாது. அதனால் வேலையையும் சேர்த்தே எழுதுகிறோம். அடுத்து இதில் இறங்குகிறவர்களுக்கும் கைக்கு உதவும்.

முதல் நன்றி ஊத்தங்கரை, அரூர் பக்கத்து ஊர்ப் பெரியவர்களுக்கும் பூசாரிகளுக்கும். இந்தப் பக்கத்தில் பல நடுகற்கள் வேடியப்பன் என்ற சாமியாகப் பூசை ஏற்று நிற்கின்றன. தலைமுறை தலைமுறையாக எண்ணெயும் மஞ்சளும் குங்குமமும் ஏறிய கற்கள் அவை. எண்ணெய்ப் பிசுக்கு உள்ள கல்லில் ஈரத்தாள் பிடிக்காது. அதைப் போக்கச் சோப்பு, ஆசிட், கம்பி பிரஷ் என்று எதையும் கல்லருகே கொண்டுபோகவே கூடாது. கல்லின் மேல்தோல் போனால் எழுத்தும் அதோடு போய்விடும். "சாமிக்குக் கழுவிப் பூசை போடுற அன்னிக்கு வாங்கப்பா, நானே கழுவித் தர்றேன்" என்று நாள் குறித்துக் கொடுத்தார் ஒரு பூசாரி ஐயா. வேலை முடிந்ததும் பொட்டு வைத்து, மாலை போட்டு, கற்பூரம் காட்டிய பிறகுதான் எங்களை அனுப்பினார். எண்ணெய்ப் பிசுக்குப் போகாத கற்களில் தாள் ஒட்டும் எண்ணத்தை விட்டுப் படம் மட்டுமே எடுத்தோம்.

ஊர்களின் பெயரை இங்கே எழுதவில்லை. புதையல் இருக்கும் என்று நடுகல்லின் அடியைத் தோண்டுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். பெயர் வேண்டாம் என்று ஊரார் கேட்டுக்கொண்டதில் நியாயம் இருக்கிறது.

அடுத்து, மைப்படி எடுக்கக் கற்றுக்கொடுத்த ஓய்வுபெற்ற கல்வெட்டு ஆசிரியர் ஐயா. அவர் சொல்லிக் கொடுத்ததை அப்படியே இறக்கி வைக்கிறோம். தென்னை நார் போன்ற மென்மையான பிரஷும் தண்ணீரும் கொண்டு பாசி, மண் போகத் தேய்க்க வேண்டும். மெல்லிய மேப்லித்தோ என்ற அச்சுத் தாளைக் கல்லைவிட நாலு பக்கமும் இரண்டு அங்குலம் கூடுதலாக வெட்டி, தண்ணீரில் முக்கி, மேலிருந்து கீழாக ஒட்ட வேண்டும். ஒரு தாள் போதாவிட்டால் அடுத்த தாள் ஓர் அங்குலமாவது ஏறி உட்கார வேண்டும். பிறகு நடுவிலிருந்து ஓரத்துக்குப் பிரஷால் தட்டிக்கொண்டே போனால் உள்ளே சிக்கிய காற்று வெளியேறி, தாள் எழுத்தின் பள்ளத்துக்குள் இறங்கும். கருங்கல்லின் சொரசொரப்பில் தாள் கிழிந்தால் பதற வேண்டாம். நனைத்த துண்டு ஒன்றை மேலே வைத்துத் தட்டினால் ஒட்டிக்கொள்ளும்.

எல்லாம் தேறுவதும் கெடுவதும் மை ஒற்றும் நேரத்தில்தான். தாளின் பளபளப்பு அடங்கி, புறங்கையை வைத்தால் குளிர்ச்சி மட்டும் தெரிந்து, நீர் ஒட்டாமல் இருக்க வேண்டும். அதற்கு முன் ஒற்றினால் மை பரவி எழுத்து மங்கும். தாளைத் தாண்டிக் கல்லிலும் கறை பிடிக்கும். முழுக்கக் காயவிட்டாலோ தாள் கல்லைவிட்டு எழும்பிவிடும். விளக்குக்கரியும் பிசினும் கலந்த மையை நேராகத் தாளில் வைக்காமல், ஒரு பலகையில் தட்டி மெல்லப் பரப்பிய பிறகே மை ஒற்றியில் எடுக்க வேண்டும். முதல் சுற்று சாம்பல் நிறத்தில் இருந்தால் போதும். இரண்டாம், மூன்றாம் சுற்றில் கறுக்கட்டும். பள்ளத்தில் மை படாததால் எழுத்து வெள்ளையாக மேலெழும்.

வெயிலும் காற்றும்தான் இந்த வேலைக்குப் பெரிய எதிரிகள். குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து வந்த அக்காக்கள், காற்று அடித்தபோது பழைய சேலையை இரு பக்கமும் இழுத்துப் பிடித்துத் தடுப்புக் கட்டினார்கள். அந்தச் சேலை நிழல் இல்லையென்றால் ஓரங்கள் காய்ந்து தாள் சுருண்டிருக்கும். களியும் கீரைக் குழம்பும் ஆக்கிப் போட்ட அம்மாக்களுக்கும் எங்கள் அன்பு.

எழுத்தைப் படித்துக் கொடுத்ததும் அதே ஐயாதான். பழைய கற்களில் இருப்பது வட்டெழுத்து, அதாவது தமிழை எழுதிய பழைய வளைந்த எழுத்து. அரசன் பெயர், ஆட்சியாண்டு, பிறகு தொறு மீட்டோ, தொறு கொள்ளப் போயோ பட்டவனின் (இறந்தவனின்) பெயர் என்று வாசகம் போகும். தொறு என்றால் மாட்டு மந்தை. கல்லின் வெடிப்பும் தாளில் வெள்ளைக் கோடாகவே விழும் என்பதால், தாளை மட்டும் பார்த்துப் படிக்க வேண்டாம் என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். வெடிப்பு எழுத்தைத் தாண்டியும் ஓடும்; உளிக்கோடு எழுத்தோடு நின்றுவிடும்.

படம் எடுத்த தம்பிக்குத் தனி நன்றி. நேர் வெளிச்சத்தில் தேய்ந்த எழுத்து தெரியாது. இருட்டிய பிறகு டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில், பரப்பை ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால் நிழல் விழுந்து வரி வரியாக எழும். நான்கு பக்கமிருந்தும் எடுத்துக்கொள்வது நல்லது. பகலில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைத் திருப்பியும் இதைச் செய்யலாம்.

வேன் ஓட்டிய அண்ணன், இடம் கொடுத்த மண்டபத்தார், தாள்களை மடிக்காமல் குழாயில் சுருட்டிக் கொண்டுவந்த நண்பர்கள், செல்லோடேப் மஞ்சள் கறை விடும் என்று தடுத்து மரக்கிளிப்பில் தொங்கவிட்ட தோழி, எல்லோருக்கும் நன்றி.

ஒவ்வொரு கல்லுக்கும் எடுத்த இரண்டு படிகளில் ஒன்று அந்தந்த ஊருக்கே போய்விட்டது, வாசகத்தைப் பெரிய எழுத்தில் அச்சடித்த தாளோடு. பிரஷ், மை ஒற்றி, பலகை எல்லாம் ஒரு பையில் இருக்கின்றன, கேட்கிறவர்களுக்குக் கொடுக்கிறோம். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கல் என்றால் துறையின் எழுத்துமூல அனுமதியும், மற்ற கற்களுக்கு ஊராரின் சம்மதமும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.