இருட்டைக் கடன் கொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

எம்51 படம் ஒருவழியாக முடிந்தது. பெரிய சுருள் கேலக்ஸி ஒன்று, அதன் கை நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி சின்னதாக இன்னொன்று. பார்த்தவர்கள் எல்லோரும் சூப்பர் என்று சொல்லிவிட்டு அடுத்ததாக எந்தக் கேமரா என்றுதான் கேட்கிறார்கள். கேமரா பழசு, ஏற்கெனவே ஒருவர் கல்யாணங்களில் அடித்துத் துவைத்தது, அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. சொல்ல வேண்டியது ஆட்களைப் பற்றி. பெயர் போட வேண்டாம் என்று உங்களில் பாதிப் பேர் முன்கூட்டியே சொல்லிவிட்டீர்கள், அதனால் யார் பெயரும் போடவில்லை, படித்தால் உங்களுக்கே தெரியும்.

முதலில் சார், உங்களுக்கு. தொலைநோக்கிக்கு வேண்டிய எட்டு அங்குலக் கண்ணாடியைக் கையால் அரைக்கலாம் என்று நீங்கள் சொன்னபோது நான் நம்பவில்லை. ஒரு மீட்டர் குவியத் தூரத்துக்கு நடுவில் வேண்டிய பள்ளம் இரண்டரை மில்லிமீட்டர்தான், அதைக் கார்பொரண்டம் தூளும் தண்ணீரும் போட்டு அரைத்தே கொண்டுவந்துவிடலாம். கஷ்டம் அதற்கப்புறம். கோள வடிவத்தில் இருக்கும் பரப்பைப் பரவளையமாக மாற்ற வேண்டும், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு பங்குகூட இல்லை. அதை ஒரு சின்ன விளக்கையும் ஷேவிங் பிளேடையும் வைத்துச் சுவரோரம் உட்கார்ந்து அளந்து காட்டினீர்களே, அந்தச் சோதனையைக் கண்டுபிடித்த பிரெஞ்சு விஞ்ஞானி ஃபூக்கோவே பார்த்தால் சந்தோஷப்பட்டிருப்பார். "இன்னும் பத்து நிமிஷம் தேய், அதுக்கு மேல தேய்க்காதே" என்று நீங்கள் சொன்னதை மட்டும்தான் நான் செய்தேன்.

அடுத்து அம்பத்தூர் லேத் பட்டறை அண்ணன். இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். நான் படம் எடுத்தது ஜவ்வாது மலையில், அட்சரேகை பன்னிரண்டரை டிகிரி. அப்படியென்றால் துருவ நட்சத்திரமும் அடிவானத்திலிருந்து பன்னிரண்டரை டிகிரி உயரத்தில்தான் இருக்கும், கையை நீட்டி முஷ்டியை அடிவானத்தில் வைத்தால் அதற்குச் சற்று மேலே. வானம் சுற்றுவது அந்தப் புள்ளியைச் சுற்றித்தான், அதனால் தொலைநோக்கியைச் சுமந்து வானத்தோடு சேர்த்துத் திருப்பும் மவுண்டின் அச்சும் அந்தப் பக்கம் பார்க்க வேண்டும், அதாவது கிட்டத்தட்டப் படுத்த நிலையில் இருக்க வேண்டும். சந்தையில் கிடைக்கும் மவுண்டுகளில் பலவும் வடக்கே ரொம்பத் தள்ளி இருக்கிற நாடுகளை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை, நம் ஊருக்குச் சாய்த்தால் எதிர் எடைத் தண்டு முக்காலியின் காலில் போய் இடிக்கும். அண்ணன் விஷயத்தைக் கேட்டார், "வானம் எல்லாம் எனக்குத் தெரியாது, எவ்வளவு உசரம் தூக்கணும், அதைச் சொல்லு" என்றார். தூக்கிக் கொடுத்தார். ஒரு அலுமினிய உருளை, மேலும் கீழும் ஃபிளாஞ்ச், ஆட்டம் துளி கூட இல்லை. கூலியும் கறாராக வாங்கிக்கொண்டார், எனக்கு அதில் பெரிய நிம்மதி, இல்லையென்றால் மறுபடி போய் நிற்கக் கூச்சமாக இருந்திருக்கும். ஆட்டம் இல்லை என்பது சின்ன விஷயம் இல்லை, எம்51 இருக்கும் திசையில் மோட்டார் ஒரே ஒரு நொடி நின்றாலும் என் கேமராவில் விண்மீன்கள் பத்துப் பிக்சலுக்கு மேல் நகர்ந்துவிடும், நான் எடுத்ததோ ஒவ்வொன்றும் மூன்று நிமிடப் படம்.

கேமரா பழுதுபார்க்கும் பாய்க்கும் நன்றி. சென்சாருக்கு முன்னால் இருக்கிற வடிகட்டியைக் கழற்றக் கேட்டபோது "நல்லா ஓடுற கேமராவ ஏன் கெடுக்கிற" என்று திட்டிவிட்டுத்தான் கழற்றினார். சுருள் கைகளில் வரிசையாக இருக்கும் ரோஜா நிறப் புள்ளிகள் ஹைட்ரஜன் வாயு, புது விண்மீன்கள் பிறக்கும் இடங்கள். அவற்றின் 656 நானோமீட்டர் சிவப்பைப் பெரும்பகுதி அந்த வடிகட்டி விழுங்கிவிடும். இப்போது புள்ளிகள் தெரிகின்றன பாய், கேமராவும் ஓடுகிறது.

இப்போது மலைக்கு வருகிறேன். இந்த மடலில் முக்கால்வாசி உங்களுக்காகத்தான் அண்ணே, அக்கா.

சென்னையில் மொட்டைமாடியிலிருந்து எம்51-ஐ எடுக்க முடியாதா என்றால் முடியும், மையம் இரண்டும் வரும், கைகள் சாம்பல் பூசினாற்போல வரும். அந்த ஒளி கிட்டத்தட்ட மூன்று கோடி வருடம் வந்துகொண்டிருக்கிறது, கடைசியில் வந்து சேரும் நேரத்தில் நாம் மேல்நோக்கி அடிக்கிற ஃபிளட் லைட்டில் தொலைகிறது என்றால் எரிச்சலாக இருக்காதா? அதனால்தான் மலை. காவலூர் ஆய்வகம் இதே ஜவ்வாது மலையில்தான் இருக்கிறது, 2.3 மீட்டர் கண்ணாடி கொண்ட வைணு பாப்பு தொலைநோக்கி 1986இலிருந்து அங்கே வேலை செய்கிறது. நமக்கு அவ்வளவு பெரிய குவிமாடம் எல்லாம் இல்லை, உங்கள் கொல்லையில் கொஞ்சம் சமதளம் கிடைத்தது, அது போதுமாக இருந்தது.

ஆனால் உங்கள் ஆட்டுப்பட்டியில் ஒரு எல்இடி விளக்கு. அது எரிவதற்குக் காரணம் இருக்கிறது, இருட்டில் ஆட்டைத் தேடி எது வேண்டுமானாலும் வரும். நான் தயங்கித் தயங்கித்தான் கேட்டேன், அக்கா ஒரு வார்த்தை பேசாமல் போய் சுவிட்சை அணைத்தார். அண்ணன் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்து பட்டியின் படல் ஓரமாகப் போட்டுக்கொண்டு, நாயைக் காலடியில் கட்டி, கம்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். விடிய விடிய. "நீ வானத்தப் பாரு தம்பி, நான் ஆட்டப் பாத்துக்கறேன்." ஐந்து மணி நேரத்துக்கு நெருக்கமாக ஒளி சேர்ந்திருக்கிறது இந்தப் படத்தில், அதில் ஒவ்வொரு நிமிடமும் நீங்கள் கண் விழித்த நிமிடம். விளக்கில்லாத ராத்திரியில் உங்களுக்கு என்ன பயம் இருந்ததோ, என்னிடம் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களும் திண்ணை விளக்கை அணைத்தார்கள், அவர்களிடம் நான் கேட்கக்கூட இல்லை, யார் போய்ச் சொன்னது என்று இன்னும் தெரியவில்லை. பாட்டியா?

பாட்டியைத் தனியாகச் சொல்ல வேண்டும். நடுராத்திரி தாண்டி எழுந்து வந்து என்ன தெரியுது என்று கேட்டார். வாலோடு நிற்கும் சப்தரிஷி மண்டலத்தைக் காட்டினேன், அதில் வசிஷ்டரையும் ஒட்டியிருக்கும் அருந்ததியையும் அவர்தான் எனக்கு முன்னால் பட்டென்று கண்டுபிடித்தார், கண்ணாடி போடாமல், இந்த வயதில். வால் நுனியில் இருக்கிற மரீசியிலிருந்து மூன்றரை டிகிரி தள்ளித்தான் நாம் பார்ப்பது என்றேன். வெறுங்கண்ணுக்கு அங்கே ஒன்றும் கிடையாது. கேமராத் திரையில் அப்போது விழுந்த ஒற்றைப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன், 5184 பிக்சல் அகலத்தில் கேலக்ஸி எழுநூறு பிக்சல்தான், மங்கல்தான், இருந்தாலும் சுருள் தெரிந்தது. "ரெண்டும் கை கோத்துக்கிட்டு நிக்குது பாரு" என்றார். உண்மையில் பாட்டி, சின்னது பெரியதுக்குச் சற்றுப் பின்னால் இருக்கிறது, பக்கத்தில் கடந்து போனபோது அதன் ஈர்ப்பு இழுத்ததில்தான் பெரியதின் கைகள் இவ்வளவு எடுப்பாக விரிந்தன என்று சொல்கிறார்கள். அப்போது இதைச் சொல்ல மனம் வரவில்லை, இப்போது சொல்லிவிட்டேன்.

பிரெஞ்சு வானியலாளர் மெஸ்ஸியே 1773இல் இந்த எம்51-ஐப் பார்த்தபோது சுருளைப் பார்க்கவில்லை. 1845இல் அயர்லாந்தில் ராஸ் பிரபு தன் கோட்டைத் தோட்டத்தில் ஆறடி உலோகக் கண்ணாடியை வைத்துப் பார்த்துக் கையால் வரைந்தார், ஒரு கேலக்ஸியில் சுருள் வடிவம் தெரிந்தது அதுதான் முதல் தடவை. அந்த மூன்று டன் கண்ணாடியை வார்க்கவும் மெருகேற்றவும் அவருக்கும் தோட்டத்து ஆட்கள்தான் உதவினார்கள். ராஸ் பிரபுவுக்கு இருட்டு ஓசி, மேகம்தான் தொல்லை. எனக்கு நேர் எதிர், பங்குனி வானம் சுத்தமாக இருந்தது, இருட்டை உங்களிடம் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

கடைசிக் கட்டம் கணினி. மதுரைத் தங்கச்சி, நீ இரவு இரவாகத் திரையைப் பகிர்ந்து எடுத்த படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சேர்க்கும் சிரில் மென்பொருளைச் சொல்லிக் கொடுத்தாய், அதைவிட முக்கியமாக நான் நிறத்தை ஏற்றிக்கொண்டே போனபோது "அண்ணா, இது கேலக்ஸியா, கலர் கோலமா?" என்று கேட்டு நிறுத்தினாய். இணையத்தில் வருகிற எம்51 படங்களில் நிறைய அப்படித்தான் இருக்கின்றன, எனக்குப் பிடிப்பதில்லை. நம்முடையதில் மையம் லேசான மஞ்சள், கைகள் லேசான நீலம், அவ்வளவுதான், அது போதும்.

வீட்டம்மாவுக்கு நன்றி சொன்னால் "எல்லாரையும் சொல்லிட்டு கடைசியிலயா" என்று கேட்பாள், கடைசியில்தான் சொல்கிறேன். மலைப்பாதை வளைவுகளில் எனக்குத் தலை சுற்றும், வண்டி ஓட்டியது முழுக்க அவள்தான்.

மலை அண்ணே, இந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்துச் சட்டம் போட்டு வருகிறது, அடுத்த அமாவாசைக்குக் கொண்டு வருகிறேன். கூடவே விளக்குக்கு ஒரு தகர மூடியும் வரும், லேத் அண்ணனிடம் அளவு கொடுத்தாயிற்று. மாட்டிவிட்டால் வெளிச்சம் பட்டிக்குள் மட்டும் விழும், மேலே ஏறாது, உங்களுக்கும் கட்டிலைத் தூக்குகிற வேலை இருக்காது. அதுவரை விளக்கு எப்போதும் போல எரியட்டும், ஆடுதான் முக்கியம்.