மீட்டர் முடிவு பூச்சு வேலைக்கு முன்பே

ஆசிரியருக்கு வணக்கம்.

புது வீட்டுக்குக் குடிபோகிறவர்கள் தண்ணீர் மீட்டர் வைத்துக்கொள்வதா, மாதாமாதம் ஒரே தொகையைக் கட்டிவிட்டுப் போவதா என்று கேட்டால், பேச்சு முழுக்க எது மலிவு என்பதிலேயே நின்றுவிடுகிறது. மலிவுக் கணக்கு ஐந்து நிமிட வேலை. மீட்டரை எந்த இடத்தில், எந்த வகையில், கட்டுமானத்தின் எந்தக் கட்டத்தில் வைப்பது என்பதுதான் பின்னால் பல வருடங்களுக்கு நம்மைப் பாதிக்கும்.

கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். தலைக்கு ஒரு நாளைக்கு 120 லிட்டர் என்று வையுங்கள். நான்கு பேருக்கு 480 லிட்டர். 30 நாளைக்கு 14,400 லிட்டர், அதாவது 14.4 கிலோலிட்டர். அதை மீட்டர் விகிதத்தால் பெருக்கி, மாத நிலைக்கட்டணத்தையும் கூட்டிப் பார்த்தால் விடை வந்துவிடும். பலர் விட்டுவிடுவது கழிவுநீர்க் கட்டணத்தை. மீட்டரில் ஓடிய அளவை வைத்தே அதையும் போடுகிற இடங்கள் உண்டு. செடிக்கு ஊற்றிய தண்ணீருக்கும் அதில் காசு போய்விடும். அறை அதிகம், ஆள் குறைவு என்றால் மீட்டர் லாபம். சிறிய வீட்டில் ஏழெட்டுப் பேர் என்றால் ஒரே தொகையே சிக்கனம். மாறிய பிறகு பழைய முறைக்குத் திரும்பலாமா, எத்தனை மாதத்துக்குள் என்பதைக் கையெழுத்துப் போடும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

இரண்டும் ஏறக்குறைய சமமாக வந்தாலும் மீட்டர் வைக்கவே சொல்வேன். காரணம், கசிவு. ஃப்ளஷ் தொட்டியின் அடி வாஷர் தேய்ந்தால் தண்ணீர் சத்தமே இல்லாமல் கோப்பைக்குள் வழிந்துகொண்டிருக்கும். மணிக்கு 10 லிட்டர்தான் என்றாலும் மாதத்துக்கு 7,200 லிட்டர். மேலே சொன்ன கணக்குப்படி இரண்டு பேர் புழங்கும் தண்ணீர். ஒரே தொகை கட்டும் வீட்டில் இது கண்ணில் படவே படாது.

ஆனால் எந்த மீட்டரும் இதைக் காட்டிவிடும் என்று நம்பாதீர்கள். முகப்பில் க்யூ3 என்றும் ஆர் என்றும் இரண்டு எண்கள் இருக்கும். க்யூ3 என்பது மணிக்கு எத்தனை கனமீட்டர் (ஒரு கனமீட்டர் 1,000 லிட்டர்) வரை தொடர்ந்து ஓடலாம் என்பது. வீட்டு மீட்டரில் பெரும்பாலும் 2.5. அதை ஆர் எண்ணால் வகுத்தால், மீட்டர் நம்பகமாக அளக்கும் மிகக் குறைந்த ஓட்டம் கிடைக்கும். ஆர் 80 என்றால் மணிக்கு 31 லிட்டர். ஆர் 160 என்றால் கிட்டத்தட்ட 16. ஆர் 400 என்றால் 6.25. மணிக்கு 10 லிட்டர் கசிவை ஆர் 80 மீட்டர் குறைத்துக் காட்டும், அல்லது காட்டாமலே விட்டுவிடும். கடையில் விலையைக் கேட்பதற்கு முன் இந்த ஆர் எண்ணைக் கேளுங்கள்.

அடுக்குமாடி வீடு வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. மாடித் தொட்டியிலிருந்து சமையலறைக்கு ஒன்று, ஒவ்வொரு குளியலறைக்கும் ஒன்று என்று தனித்தனிக் குழாய்கள் இறங்கினால், ஒரு வீட்டுக்கு மூன்று நான்கு மீட்டர் தேவைப்படும். பூச்சும் டைல்ஸும் முடிந்த பிறகு இதை ஒன்றாக்குவது என்றால் சுவரை உடைக்க வேண்டியதுதான். வீட்டுக்கு ஒரே நுழைவுக் குழாய், அதில் மீட்டருக்கு இடம் என்பதைக் குழாய் வரைபடத்திலேயே பார்த்துக் கேட்டுவிட வேண்டும்.

மேல்தளத்துக்கு இன்னொரு சிக்கல் உண்டு: அழுத்தம். மீட்டருக்குள் போகிற தண்ணீர் கொஞ்சம் அழுத்தத்தை இழக்கும். க்யூ3 2.5 உள்ள மீட்டர், முழு ஓட்டத்தில் 0.63 பார் (அழுத்தத்தின் அலகு) இழக்கும் வகை என்றால் அது 6.3 மீட்டர் நீர்மட்ட உயரத்துக்குச் சமம். ஓட்டம் குறையக் குறைய இழப்பு வர்க்க விகிதத்தில் குறையும். மணிக்கு 1,000 லிட்டர் ஓடும்போது ஏறத்தாழ 1 மீட்டர். தொட்டிக்கும் ஷவருக்கும் 2 மீட்டரே உயரம் இருக்கிற வீட்டில் பாதி அங்கேயே போய்விடும். அதே ஓட்டத்துக்கு க்யூ3 4 உள்ள 20 மி.மீ. மீட்டரில், அதே வகையானால், இழப்பு 40 செ.மீ.தான். ஆனால் ஆர் எண் மாறாமல் அளவை மட்டும் பெரிதாக்கினால் சிறு கசிவை அளக்கும் திறன் குறையும். அதனால் அங்கே ஆர் எண்ணும் உயர வேண்டும்.

பொருத்துவதில் கெடுவது பெரும்பாலும் முதல் நாளிலேயே. புதுக் குழாய்க்குள் சிமென்ட் துகள், பைப் அறுத்த தூள், டெஃப்லான் டேப் துணுக்கு எல்லாம் கிடக்கும். மீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் அதே நீளக் குழாய்த் துண்டை மாட்டி, தண்ணீரை முழு வேகத்தில் விட்டுக் கழுவிய பிறகே மீட்டரை ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் உள்ளிருக்கும் வடிகட்டி அடைத்துக்கொள்ளும், சக்கரமும் சிக்கும். அம்புக்குறி ஓட்டத்தின் திசையில், முகப்பு மேல்நோக்கி, இரண்டு பக்கமும் வால்வு, தண்ணீர் வெளியேறும் பக்கம், அது பின்னோக்கி வராமல் தடுக்கும் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு. குழாயின் உச்சியான வளைவில் மட்டும் வைக்கவே கூடாது. அங்கே காற்று தங்கும். தண்ணீர் விட்டுவிட்டு வரும் இணைப்பில் முதலில் தள்ளப்படும் காற்றே சக்கரத்தைச் சுற்றி, ஓடாத தண்ணீருக்குக் கணக்கு ஏற்றிவிடும். மீட்டருக்கு முன்னால் காற்று வெளியேற்றும் வால்வு வைப்பது அதற்காகத்தான்.

குடிபோகும் அன்று மீட்டரின் வரிசை எண்ணும் அது காட்டும் அளவும் ஒரே படத்தில் தெரியும்படி எடுத்து வையுங்கள். முந்தையவர் பாக்கியும் உத்தேச பில்லும் தலையில் விழாமல் இருக்க அந்தப் படம் உதவும். அடுத்து, உங்கள் வால்வை மூடினால் உங்கள் வீட்டுக் குழாய்தான் நிற்கிறதா என்று பாருங்கள். வரிசையாக இருக்கும் மீட்டர்களில் இணைப்பு மாறிப்போவது சகஜம். இரவு எல்லாக் குழாயையும் மூடி அளவைக் குறித்து, காலையில் மறுபடி பாருங்கள். மீட்டர் மாடித் தொட்டிக்கு முன்னால் இருந்தால் இந்தச் சோதனை வீட்டுக்குள் நடக்கும் கசிவைக் காட்டாமல் போகலாம். அப்போது தொட்டிக்கு வரும் வால்வை மூடிவிட்டு, நீர்மட்டத்தைக் கோடு போட்டு வைத்துப் பார்க்க வேண்டும். மீட்டர் ஏறியிருந்தாலோ மட்டம் இறங்கியிருந்தாலோ, ஃப்ளஷ் தொட்டியில் சமையல் வண்ணம் சில சொட்டு விட்டு அரை மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் இருங்கள். கோப்பையில் நிறம் தெரிந்தால் மாற்ற வேண்டியது வாஷரை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்