பச்சை விளக்கு எரிந்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முக்குளிப்பவர்கள் பிடித்துக்கொண்டு போகும் நீரடி ஸ்கூட்டரை விற்பவர்களும் வாடகைக்கு விடுபவர்களும், அதன் பேட்டரி லோடில், அதாவது கரண்ட் இழுக்கப்படும்போது, எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று சோதித்து எழுதித் தர வேண்டும். இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். உள்ளே 12 வோல்ட், 18 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரி இரண்டு, தொடராக இணைத்தது. சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்தது, மல்டிமீட்டர் இரண்டிலும் 12.8 வோல்ட் காட்டியது, சரி, நன்றாகத்தான் இருக்கிறது என்று நம்பி இறங்கினேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை, மோட்டார் முனகிக்கொண்டே நின்றுவிட்டது. ஸ்கூட்டர் இழுத்துப் போகும்போது தூரமே தெரியாது. அதே தூரத்தை, நின்றுபோன ஸ்கூட்டரையும் சுமந்துகொண்டு, நீரோட்டத்துக்கு எதிராகக் காலடித்துத் திரும்பும்போது சிலிண்டரில் காற்று குறைந்த வேகத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

அப்புறம்தான் உட்கார்ந்து சோதித்தேன். பேட்டரிகளைக் கூட்டிலிருந்து வெளியே எடுத்து, காற்றோட்டமான இடத்தில் வைத்து (லெட் ஆசிட் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளிவரலாம், மூடிய கூட்டுக்குள் அது ஆபத்து), 55 வாட் கார் ஹெட்லைட் பல்புகள் நாலை ஒவ்வொரு பேட்டரிக்கும் தனித்தனியாக மாட்டினேன். நாலும் சேர்ந்து சுமார் 18 ஆம்பியர் இழுக்கும். வோல்ட் 10.5-க்கு இறங்கும்வரை நேரம் குறித்தேன். ஒன்று 38 நிமிடம் தாங்கியது. இன்னொன்று 14 நிமிடம்தான்! தொடர் இணைப்பில் பலவீனமானதுதான் ஸ்கூட்டர் ஓடும் நேரத்தைத் தீர்மானிக்கிறது, பக்கத்தில் நல்லது ஒன்று இருந்தும் பயனில்லை.

38 நிமிடமா, 18 ஆம்பியர்-மணி என்றால் ஒரு மணி நேரம் வரவேண்டாமா என்று கேட்கலாம். பேட்டரியில் ஒட்டியிருக்கும் அந்தக் கணக்கு பொதுவாக 20 மணி நேரத்தில் மெதுவாக, 0.9 ஆம்பியராக எடுத்தால் கிடைப்பது. வேகமாக உறிஞ்சினால் புதுப் பேட்டரியே அவ்வளவு தராது. அதனால் வாங்கிய புதிதில் ஒரு முறை சோதித்து, அந்த நிமிடங்களோடுதான் பின்னால் ஒப்பிட வேண்டும். குளிர்ந்த நீரில் இன்னும் குறையும். சோதனை முடிந்த கையோடு சார்ஜ் போட்டுவிடுங்கள், காலியாகக் கிடந்தால் லெட் ஆசிட் கெட்டுப்போகும்.

ப்ரொபெல்லரை வெறும் காற்றில் சுற்றவிட்டுக் காட்டுவது சோதனையே இல்லை. தண்ணீரைத் தள்ளும் வேலை இல்லாதபோது மோட்டார் இழுக்கும் கரண்ட் மிகக் குறைவு.

லித்தியம் பேட்டரியில் வோல்ட்டை மட்டும் பார்ப்பது இன்னும் ஏமாற்றும். பெரும்பகுதி நேரம் அது அதிகம் இறங்காது, கடைசியில் சட்டென்று விழும், பாதுகாப்பு சர்க்யூட் மொத்தமாக அணைத்துவிடும், முனகல்கூட இருக்காது. அதைப் பல்பு மாட்டி வீட்டில் சோதிக்க வேண்டாம், வோல்ட் எல்லையைக் குறித்துவைத்துத் தானே நிற்கும் டிஸ்சார்ஜ் கருவியில் தெரிந்தவர்களை வைத்துச் செய்யுங்கள்.

சோதித்த தேதி, இழுத்த ஆம்பியர், தாங்கிய நிமிடம். ஸ்கூட்டர் மேல் இந்த மூன்றையும் எழுதி ஒட்ட ஒரு துண்டுக் காகிதம் போதும். விற்றவர் அன்று அதைச் செய்திருந்தால் நான் அந்தப் பேட்டரியோடு தண்ணீரில் இறங்கியிருக்கவே மாட்டேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்